ராக்கெட்டின் பின்பக்கம்: காற்றும் நாசிலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் விண்ட் டனல் ரோடு என்று ஒரு சாலை உண்டு. ஆட்டோக்காரரில் இருந்து டெலிவரிப் பையன்வரை எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் என்ற என்ஏஎல் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கங்கள் (மாதிரிகள்மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூடங்கள்) அந்தப் பக்கம் இருப்பதால் வந்த பெயர் அது. இங்கே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழு ஒன்றில், ஒவ்வொரு ஏவுதலுக்கும் பிறகு கேள்விகள் குவியும். சுமையைப் பற்றியும் சுற்றுப்பாதையைப் பற்றியும் தமிழில் நிறையவே எழுதுகிறார்கள். வாலைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. வால் தொடர்பாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

காற்று மோதுவது மூக்கில்தானே? பின்பக்கத்தில் பேச என்ன இருக்கிறது?

மோதுவது மூக்கில்தான். பிரிவது வாலில். ராக்கெட்டின் உடம்பை ஒட்டி மேலிருந்து கீழே வரும் காற்று, உடம்பு சட்டென்று முடியும் விளிம்பில் வளைந்து திரும்ப முடியாமல் பிரிந்துவிடுகிறது. பிரிந்த காற்றுக்கும் நாசிலுக்கும் (இன்ஜினின் புகைவாயு வெளியேறும் மணி வடிவக் குழாய்) நடுவே ஓர் இடைவெளி. அதற்குள் மாட்டிக்கொண்ட காற்று வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அங்கே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. முன்னால் கூடுதல் அழுத்தம், பின்னால் குறைந்த அழுத்தம் என்றால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை வந்தே தீரும்.

மழைக்காலத்தில் பிஎம்டிசி பஸ்ஸின் பின்கண்ணாடியைக் கவனித்திருப்பீர்கள், சேறு அப்பியிருக்கும். சக்கரம் கிளப்பிய சேற்றைப் பின்னால் சுழலும் காற்று திரும்ப இழுத்துவந்து கண்ணாடியில் ஒட்டிவிடுகிறது. ராக்கெட்டிலும் அதே சங்கதிதான். சேறு இருக்கும் இடத்தில் அங்கே கொதிக்கும் புகைவாயு இருக்கிறது.

பின்பக்கத்தையும் கூராக்கிவிட்டால் என்ன?

விமானத்தின் வாலை அப்படித்தான் மெலிய விடுகிறார்கள். ராக்கெட்டில் அந்த இடத்தில் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. பல ராக்கெட்டுகளில் திசை திருப்புவதே நாசிலைச் சாய்த்துத்தான் என்பதால் சுற்றிலும் அசைய இடம் வேறு விடவேண்டும். அதுவும் போக, சில நிமிடங்களில் கழற்றி விடப்போகிற ஒரு கட்டத்துக்கு (ராக்கெட்டின் ஓர் அடுக்குக்கு) நீண்ட வால் கட்டி எடையைக் கூட்ட எந்த வடிவமைப்பாளரும் சம்மதிக்க மாட்டார்.

நாசில் அப்படி என்னதான் செய்கிறது?

இந்தக் கதை ராக்கெட்டில் தொடங்கவில்லை. 1880களின் கடைசியில் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் த லாவால் நீராவி டர்பைனுக்காக ஒரு குழாய் செய்தார். முதலில் குறுகும், அப்புறம் விரியும். குறுகலான கழுத்தில் வாயு ஒலியின் வேகத்தைத் தொடுகிறது. அதற்கு அப்பால் நம் அன்றாட அனுபவத்துக்கு நேர்மாறாக, குழாய் விரிய விரிய வாயுவின் வேகம் கூடுகிறது. அழுத்தமும் வெப்பமும் குறைகின்றன. கழுத்தின் பரப்பைப்போல வாயின் பரப்பு எத்தனை மடங்கு என்பதுதான் விரிவு விகிதம். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

உந்துவிசைக்கு இரண்டு பங்குகள். விநாடிக்கு எவ்வளவு வாயு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பது பெரிய பங்கு. நாசிலின் வாயில் உள்ள அழுத்தத்தில் இருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்து, வாயின் பரப்பால் பெருக்கினால் வருவது மற்றது. இந்த இரண்டாவது பங்கு மைனஸிலும் போகும். இரண்டு அழுத்தங்களும் சமமாகும் உயரத்தில் அந்த நாசிலை மிஞ்ச வேறு விகிதம் கிடையாது. அந்த உயரத்துக்குக் கீழே அது தேவைக்கு மேல் பெரியது. மேலே போனால் போதாதது.

ராக்கெட் எந்த உயரத்திலும் நிற்பதில்லையே, பிறகு எந்த உயரத்துக்கு வடிவமைப்பது?

சிக்கலே அதுதான். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். 16 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 100, 31 கிலோமீட்டரில் சுமார் 10. இந்தச் சரிவுக்கு ஈடுகொடுத்து நாசில் தன் அளவை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால்தான் ஒரே இன்ஜினுக்கு இரண்டு நாசில்கள் செய்கிறார்கள். ஃபால்கன் 9 ராக்கெட்டின் மெர்லின் இன்ஜினில், தரையில் இருந்து கிளம்பும் வகைக்கு விரிவு விகிதம் 16, மேல்கட்டத்து வகைக்கு 165. தரையில் எரியத் தொடங்கி விண்வெளிவரை ஒரே மூச்சில் எரிந்த ஸ்பேஸ் ஷட்டில் இன்ஜினுக்கு 69. தரைக்கு அது மிகப் பெரிய விகிதம். அது கிளம்பும் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உலோக நாசிலின் விளிம்பு நெளிவது கண்ணுக்கே தெரியும்.

எங்கள் ஊர் பணகுடி. பக்கத்தில் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ சோதனை மையத்தில் கிரையோஜெனிக் இன்ஜினை (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது) வெற்றிட அறைக்குள் வைத்து எரிக்கிறார்கள் என்கிறார்களே, வெளியிலேயே எரித்துப் பார்த்தால் என்ன?

குழுவில் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நெளியும் நாசிலுக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது.

இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டின் மேல்கட்டத்தில் இருக்கும் சிஇ20 இன்ஜினின் விரிவு விகிதம் 100. அதன் வாயில் வாயுவின் அழுத்தம் வெறும் 50 மில்லிபார். அதாவது தரைக்காற்றின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. இதைத் தரையில் எரித்தால் வெளிக்காற்று சும்மா இருக்காது. நாசிலின் சுவரோரம் வாயுவின் அழுத்தம் வெளியழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால், வாயு சுவரை விட்டுப் பிரிந்துவிடும் என்பது பழைய கைக்கணக்கு. தரையில் அது சுமார் 400 மில்லிபார். சிஇ20இல் வாயு வாய்க்கு வருவதற்கு வெகு முன்பே, நாசிலின் உள்ளேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

சரி, பிரிந்தால் பிரியட்டும் என்று விட்டுவிட முடியாது. பிரிவு சுற்றிலும் ஒரே மட்டத்தில் நடக்காது. ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே, அடுத்த கணம் அது இடம் மாறும். நாசிலின் ஒரு பக்கச் சுவரில் அழுத்தம் கூடி மறுபக்கத்தில் குறைந்தால் பக்கவாட்டில் உதை விழுகிறது. இன்ஜினைப் பிடித்திருக்கும் தாங்கிகளையும் திருப்பும் கருவிகளையும் உடைக்கும் அளவுக்கு அந்த உதை வலுவாக இருக்கலாம். பிரிந்த இடத்தில் சுவர் சூடேறுவதும் சேர்ந்துகொள்ளும்.

அதனால்தான் உயரச் சூழலைப் போலியாக உண்டாக்கும் பெரிய கூடத்தில் அதைச் சோதிக்கிறார்கள். அது செலவும் சிரமமும் மிகுந்த வேலை. 2024 நவம்பர் 29 அன்று மகேந்திரகிரியிலேயே இஸ்ரோ வேறு வழியில் போனது. நாசில் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைச் சேர்த்து, சிஇ20ஐக் கடல்மட்டக் காற்றழுத்தத்திலேயே எரித்துக் காட்டினார்கள். செய்தித்தாள்களில் மூலையில் வந்த துணுக்கு அது. என் கணக்கில், அந்த ஆண்டு இஸ்ரோ செய்த கெட்டிக்கார வேலைகளில் அதுவும் ஒன்று.

நெருப்பில் வரிசையாகத் தெரியும் பளிச் பட்டைகள் என்ன?

வாயின் அழுத்தமும் வெளியழுத்தமும் ஒத்துப்போகாததன் அடையாளம். வெளியேறிய வாயு அதிர்ச்சி அலைகளால் (அழுத்தம் சட்டென்று எகிறும் மெல்லிய எல்லைகள்) நெருங்கி, விரிந்து, மறுபடி நெருங்குகிறது. நெருங்கும் இடத்தில் சூடேறிப் பளிச்சென்று தெரிகிறது. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

உயரம் போகப் போக நெருப்பு அகலமாகிறது. பழைய அப்போலோ படங்களில் நெருப்பு ராக்கெட்டின் மேலேயே ஏறுகிறதே, அது விபத்தா?

விபத்து இல்லை. வெளிக்காற்று மெலிய மெலிய, நாசிலை விட்டு வந்த வாயுவை ஒடுக்கிப் பிடிக்க ஆளில்லாமல் அது பக்கவாட்டில் விரிகிறது. விரிந்த நெருப்பு, ராக்கெட்டை ஒட்டிக் கீழே வரும் காற்றுக்குத் தடுப்புச் சுவராகிவிடுகிறது. காற்று அதில் மோதி, உடம்பின் விளிம்புவரை வராமல் முன்கூட்டியே பிரிகிறது. அப்படிப் பிரிந்த இடத்தில் அழுத்தம் குறைந்த சுழல் ஒன்று உண்டாகி, சூடான வாயு அதற்குள் ஏறுகிறது. 1969 ஜூலை 16 அன்று அப்போலோ 11ஐச் சுமந்துபோன சாட்டர்ன் 5இன் படத்தில், முதல் கட்டம் அணைவதற்குச் சற்று முன்பு இது தெளிவாகத் தெரியும். எஃப்1 இன்ஜின்களின் பிழம்பு உடம்பில் மேலேறி நிற்கும்.

அந்த உயரத்தில் காற்று மிக மெல்லியது என்பதால் கட்டுப்பாடு கெடுவதில்லை. கவலை வேறு இடத்தில். அடித்தட்டில் குழாய்களும் வயர்களும் வால்வுகளும் நெருக்கமாக இருக்கின்றன. கீழ் உயரங்களில் நெருப்பின் கதிர்வீச்சுதான் அந்தத் தட்டைச் சுடுகிறது. மேலே போனால் திரும்பி வரும் வாயு நேராகவே சுடுகிறது. திட எரிபொருள் மோட்டார் என்றால் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் தகதகவென்று மின்னுவதால் கதிர்வீச்சு இன்னும் அதிகம்.

கூடவே வேடிக்கையான ஒரு திருப்பமும் உண்டு. கீழே இருக்கும்போது நெருப்பு அடிப்பக்கத்துக் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்கிறது. மேலே போனதும் வெளியேற வழியில்லாத வாயு அங்கே தேங்குவதால் அழுத்தம் வெளியைவிடக் கூடி, ராக்கெட்டைக் கொஞ்சம் தள்ளியே விடுகிறது.

ஒரு பெரிய இன்ஜின் நல்லதா, பல சின்ன இன்ஜின்கள் நல்லதா?

காற்றோட்டத்தை மட்டும் பார்த்தால் ஒன்று இருப்பது நிம்மதி. பல இன்ஜின்கள் இருந்தால், விரியும் பிழம்புகள் ஒன்றோடொன்று மோதும். மோதிய இடத்தில் அழுத்தம் எகிறும். நேராக வெளியேறும் வேகம் இல்லாத வாயு அங்கிருந்து நடுவே மேல்நோக்கிப் பீய்ச்சி அடித்தட்டைத் தாக்கும். சோவியத்தின் என்1 ராக்கெட்டின் முதல் கட்டத்தில் 30 இன்ஜின்கள், இன்றைய ஸ்டார்ஷிப்பின் சூப்பர் ஹெவியில் 33. இவற்றின் அடித்தட்டு வெப்பக் கணக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய ஜிஎஸ்எல்வி இன்னொரு விசித்திரம். நடுவில் திட எரிபொருள் கட்டம், சுற்றிலும் விகாஸ் இன்ஜின் பொருத்திய நான்கு திரவக் கட்டங்கள். நடுவில் இருப்பது முதலில் எரிந்து தீர்ந்துவிடும். சுற்றியுள்ள நான்கும் தொடர்ந்து எரிந்துகொண்டிருக்க, தீர்ந்துபோன கட்டம் நடுவில் வெறும் பாரமாகக் கூடவே போகும். அப்போது அடிப்பக்கக் காற்றோட்டம் முதல் 100 விநாடிகளில் இருந்ததுபோல இருக்காது. உயரமும் மாறிவிட்டது, நடு நெருப்பும் இல்லை. ஒரே ராக்கெட்டுக்கு இரண்டு விதமான வால் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

பின்பக்கக் காற்று எந்த ராக்கெட்டையாவது வீழ்த்தியிருக்கிறதா?

பலரும் காட்டும் உதாரணம் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட். 2002 டிசம்பர் 11 அன்று, மேம்படுத்திய வல்கெய்ன் 2 இன்ஜினோடு முதல்முறை பறந்தபோது அதை இழந்தார்கள். நாசிலின் சுவர் என்பது குளிர்விக்கும் சிறு குழாய்களை வரிசையாகச் சுற்றிச் செய்தது. அவற்றில் விரிசல் விட்டுக் குளிர்விப்பு குறைந்தது, சுவர் சூடேறி நெளிந்து மடங்கியது. விசாரணைக் குழு இரண்டு காரணங்களைச் சேர்த்துச் சொன்னது. ஒன்று, குழாய் விரிசலால் கெட்டுப்போன வெப்பநிலை. மற்றொன்று, பறக்கும்போது இன்ஜின் மேல் விழும் சுமைகளை முழுமையாகக் கணக்கில் எடுக்காதது. ஆக, "காற்று வீழ்த்தியது" என்று ஒரே வரியில் சொல்வது தப்பு. குளிர்விப்பை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதை. நாசிலை வலுப்படுத்தி 2005 பிப்ரவரி 12 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள்.

ஆனால் இதற்குப் பிறகு ஐரோப்பாவில் வால் காற்றோட்ட ஆய்வு சூடுபிடித்தது உண்மை. ஒலியின் வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கை எட்டும்போது, உடம்பின் விளிம்பில் பிரிந்த காற்று நாசிலின் வெளிச்சுவரில் வந்து மோதுகிறது. மோதும் இடம் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அந்தத் தாவலுக்கு ஒரு தாளம் உண்டு. அதிர்வெண்ணை உடம்பின் விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.2 வரும். ஏரியான் 5இன் நடு உடம்பு 5.4 மீட்டர் விட்டம். விநாடிக்கு 240 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்குச் சுமார் 9 முறை. நாசிலோ இன்ஜின் தாங்கியோ அதே தாளத்தில் இயல்பாக ஆடக்கூடியதாக அமைந்துவிட்டால் வம்பு.

நாசிலின் நீளத்தை மாற்றினால் இது சரியாகுமா?

பாதி சரியாகும். நாசில் மிகக் குட்டையாக இருந்தால், பிரிந்த காற்று அதைத் தொடாமல் நேராக நெருப்பின் மேல் போய் விழும். நல்ல நீளமாக இருந்தால் சுவரின் நடுவில் நிச்சயமாக மோதும். தொல்லை பிடித்தது இடைப்பட்ட நீளம். காற்று சில நேரம் நாசிலின் நுனியில் விழும், சில நேரம் தாண்டி நெருப்பில் விழும். உடம்பு விட்டத்தின் பாதியை ஒட்டிய நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இந்த இரண்டுங்கெட்டான் நிலை வருகிறது. நாசிலின் நீளத்தைத் தீர்மானிப்பவரோ உள்ளே ஓடும் வாயுவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார். உள்கணக்கு ஒரு மேஜையிலும் வெளிக்கணக்கு இன்னொரு மேஜையிலும் நடந்தால் இந்த மாதிரித் தகராறு எங்காவது முளைத்தே தீரும். சாட்டர்ன் 5இன் வெளி நான்கு இன்ஜின்களுக்கும் கூம்பு மூடிகள் வைத்தார்களே, அது காற்றின் சுமையில் இருந்து அவற்றைக் காக்கத்தான்.

எல்விஎம்3இல் நடு இன்ஜின்கள் கிளம்பும்போது எரிவதே இல்லையே?

ஆமாம். இரண்டு எஸ்200 திட மோட்டார்கள்தான் தூக்குகின்றன. நடுவில் எல்110 கட்டத்தின் இரண்டு விகாஸ் இன்ஜின்கள் ஏறத்தாழ 110 விநாடிகள் கழித்துத்தான் பற்றுகின்றன. அதுவரை அந்த நாசில்கள் இரண்டு பிழம்புகளுக்கு நடுவே, ஒலியின் வேகத்தைத் தாண்டும் கட்டத்தையும் சேர்த்து, சும்மா தொங்கிக்கொண்டு வருகின்றன. உள்ளே வாயு ஓடாததால் முட்டுக்கொடுக்க ஆளில்லை. வெளிக்காற்றின் உலுக்கலையும் பக்கத்து நெருப்பின் சூட்டையும் அவை தாங்கியே ஆகவேண்டும்.

இதையெல்லாம் காற்றுச் சுரங்கத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

என்ஏஎல்லின் 1.2 மீட்டர் சுரங்கம் 1967 முதல் ஓடுகிறது. ஒலிவேகத்துக்குக் கீழே, அதை ஒட்டி, அதற்கு மேலே என்று மூன்று நிலைகளுக்கும் பயன்படும். அழுத்திச் சேமித்த காற்றைத் திறந்துவிடுவார்கள், அது தீரும்வரைதான் ஓட்டம். இந்திய ஏவுகலங்களின் மாதிரிகள் பல ஆண்டுகளாக இங்கே வந்து காற்று வாங்கிப் போயிருக்கின்றன. 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் மையமும் இதே 1.2 மீட்டர் அளவில் சொந்தமாக ஒன்றை ஓட்டத் தொடங்கியது.

வாலைச் சோதிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை வெளியார் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாதிரியை எதிலாவது பிடித்து நிறுத்த வேண்டும். வழக்கமாகப் பின்பக்கத்தில் ஒரு தண்டைச் செருகித்தான் பிடிப்பார்கள். நாம் பார்க்க வேண்டியதே பின்பக்கம்! தண்டு அங்கே நின்றால் காற்றோட்டம் கெட்டுவிடும். ஆகவே பக்கவாட்டில் மெல்லிய தகடு ஒன்றால் பிடித்து, அதற்குள்ளேயே குழாய் விட்டு, நெருப்புக்குப் பதிலாக அழுத்தக் காற்றை நாசில் வழியே பீய்ச்சுவார்கள். அந்தத் தகட்டின் நிழலும் காற்றில் விழும்தான். அதைக் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அளவு. 43.5 மீட்டர் எல்விஎம்3ஐ ஐம்பதில் ஒன்றாகச் சுருக்கினால் 87 சென்டிமீட்டர். குளிர்ந்த காற்றின் பீய்ச்சல் 3000 டிகிரி வாயுவைப்போல விரியாது. அதனால் வெளியே தெரியும் பிழம்பின் உருவமாவது ஒத்துவரும்படி நாசிலின் கோணத்தையும் அழுத்தத்தையும் மாற்றி வைப்பார்கள். வேகமும் ஒத்துவர வேண்டுமென்றால் ஹீலியம் கலப்பதும் உண்டு. வெப்பத்தை அளக்க வேண்டுமென்றால் இதுவும் போதாது, சூடான வாயுவை வைத்துத் தனிச் சோதனை.

இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரே போதாதா?

மூக்குக்குப் பெரும்பாலும் போதும். வாலில் பிரிந்து சுழலும் காற்று கணத்துக்குக் கணம் மாறுவது. சராசரி எடுத்துச் சொல்லும் சாதாரணக் கணிப்பு முறைகள் சராசரி அழுத்தத்தையே தவறாகக் காட்டுவதுண்டு. உலுக்கலைக் காட்டவே காட்டாது. பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் முறைகள் நம்பத் தகுந்தவை, ஆனால் கணக்கு முடிய வெகுநேரம் பிடிக்கும். சுரங்கத்தில் அளந்த எண்ணோடு ஒப்பிடாத வண்ணப் படங்களை நான் ரசிப்பதோடு சரி.

பிஎஸ்எல்வியின் அடியில் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் இரண்டு மெல்லிய உருளைகள் எதற்கு?

நாசிலை அசைக்காமலேயே திருப்புவதற்கு. அவற்றில் ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசல் இருக்கிறது. அதை நாசிலின் விரியும் பகுதியில் ஒரு பக்கச் சுவர் வழியே உள்ளே பீய்ச்சினால், ஓடும் வாயுவில் அதிர்ச்சி அலை உண்டாகி அந்தப் பக்கச் சுவரில் அழுத்தம் கூடும். ராக்கெட் திரும்பும். மேலே மகேந்திரகிரி பதிலில் வில்லனாக வந்த அதே பக்கவாட்டு விசையை இங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

உயரத்துக்கு ஏற்ப தானே மாறும் நாசில் வராதா?

வந்தது, நிலைக்கவில்லை. ஏரோஸ்பைக் என்ற வகையில் வாயு ஒரு முள்ளின் வெளிப்புறமாக ஓடும். வெளிக்காற்றே அதன் மறுபக்கச் சுவர் என்பதால் எந்த உயரத்துக்கும் பொருந்தும். அமெரிக்காவின் எக்ஸ்33 திட்டத்துக்காக அப்படி ஓர் இன்ஜினைத் தரையில் எரித்தும் பார்த்தார்கள். 2001இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. நடுவில் ஒரு மடிப்போடு இரண்டு வளைவுகள் சேர்ந்த இரட்டை மணி நாசிலில், கீழே வாயு மடிப்பில் பிரியும், மேலே முழுச் சுவரையும் நிரப்பும். எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். ஆனால் ஒரு நிலையில் இருந்து மறுநிலைக்குத் தாவும் அந்த நொடியில் வெளிக்காற்று உலுக்கிக்கொண்டிருந்தால் தாவல் முன்னும் பின்னும் ஊசலாடும்.

இப்போதைக்குப் பலன் தருவது பொருளை மாற்றுவதுதான். பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தில் கொலம்பியம் என்ற உலோகத்தின் கலவையில் செய்த நாசில் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கார்பன்-கார்பன் (கார்பன் இழைகளைக் கார்பனிலேயே பதித்த பொருள்) நாசிலை உருவாக்கியிருப்பதாக 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்தது. நாசிலின் எடை சுமார் 67 சதவீதம் குறையும், ராக்கெட் தூக்கக்கூடிய சுமை 15 கிலோ கூடும் என்றார்கள்.

அடுத்த எல்விஎம்3 ஏவுதலில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது சில நாட்களில் மூக்கைச் சுற்றி வெள்ளைப் புகைவளையம் தெரியும். நாசிலை உலுக்கும் கட்டம் அதை ஒட்டித்தான். அதன் பிறகு நெருப்பின் அகலத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். எல்110 பற்றும் நேரத்துக்குள் அது உடம்பைப்போலப் பல மடங்கு பரந்திருக்கும். அறிவிப்பாளர் அதைச் சொல்ல மாட்டார்.